பழைய காருக்குப் புது ஸ்பீக்கர்: தொப்பி ஓசையைத் தேடி

2024 மார்கழியில் ஒரு சாயங்காலம். மடிப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்குக் கச்சேரி கேட்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். வேளச்சேரியில் வழக்கமான நெரிசல். காரில் ஒரு பழைய கச்சேரிப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது, மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம். கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்த அப்பா, சட்டென்று கையை நிறுத்தினார்.

"என்னம்மா இது, வலந்தலை மட்டும்தான் கேக்குது. தொப்பியைக் காணோமே."

அப்பா இளவயதில் ஆறு வருஷம் மிருதங்கம் கற்றவர். மேடை ஏறவில்லை, காது மட்டும் தேறிவிட்டது. மிருதங்கத்தின் வலது முகம் வலந்தலை. 'தீம்', 'நம்' என்று கணீரென்று பேசும் பக்கம். இடது முகம் தொப்பி. அடிவயிற்றில் இருந்து வரும் 'தொம்' அங்கேதான் இருக்கிறது. உள்ளங்கையைத் தோலில் அழுத்தி இழுக்கும்போது எழும் கும்கியும் அங்கேதான். அது இல்லாத தனி, ரசம் இல்லாத பந்திச் சாப்பாடு மாதிரி. அப்பா சொன்ன பிறகு நானும் உன்னிப்பாகக் கேட்டேன். உண்மைதான். தகர டப்பாவைத் தட்டுவதுபோல மேல் ஓசை மட்டும் கேட்டது.

வண்டி 2009இல் பதிவானது. 2024இல் பதினைந்து வருஷம் முடிந்து, ஆர்.சி.யைப் புதுப்பித்து, பசுமை வரி கட்டி, இன்னும் ஐந்து வருஷத்துக்கு அனுமதி வாங்கியிருந்தோம். இன்ஜின் நன்றாக இருக்கிறது. புதுக் கார் வாங்கும் எண்ணம் இல்லை. ஐந்து வருஷம் ஓட்டப்போகும் வண்டியில் அப்பா ஆசைப்பட்டுக் கேட்கிற ஒரே விஷயம் சரியாகக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. முன் கதவு இரண்டிலும் இருந்தவை கம்பெனியில் இருந்து வந்த 6.5 அங்குல ஸ்பீக்கர்கள். காகிதக் கூம்பு, பின்னால் ஒரு சின்ன காந்தம், எடை கையில் தெரியாது. பதினைந்து கத்திரி வெயிலையும் பதினைந்து ஐப்பசி மழையையும் பார்த்தவை. ஒரே நாளில் கெட்டிருந்தால் உடனே கவனித்திருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டதால், நான் கொஞ்சம் கொஞ்சமாக பாஸை, அதாவது அடி ஓசையை, கூட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். கார் ஸ்டீரியோ செட்டின் செட்டிங்கைத் திறந்து பார்த்தபோது பாஸ் முழுதாக ஏற்றப்பட்டிருந்தது. உங்கள் காரிலும் அப்படி இருந்தால் ஸ்பீக்கரின் ஆயுளைச் சந்தேகிக்கலாம்.

பொங்கல் முடிந்ததும் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கார் அலங்காரக் கடைக்குப் போனேன். "மேடம், இது முந்நூறு வாட்ஸ். போட்டீங்கன்னா கதவே அதிரும்" என்று கடைக்காரத் தம்பி ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். மூவழி கோஆக்ஸியல் (அடி, நடு, மேல் ஓசைக்கு ஒரே கூட்டில் மூன்று ஸ்பீக்கர்), ஜோடி 3,400 ரூபாய். பொருத்துகூலி 500. இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. பழைய ஸ்பீக்கர்களை ஒரு கவரில் போட்டுக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அது நல்ல காரியமாகப் போயிற்று.

ஏன் என்றால், புதுசு பழசைவிட மோசமாக இருந்தது. சத்தம் வந்தது, ஜால்ரா பளிச்சென்று வந்தது, வயலின் காதைக் கீறியது. தொப்பி இன்னும் காணாமல் போயிருந்தது. கடைக்காரர் சொன்னபடி கதவு அதிர்ந்தது என்னவோ உண்மை. ஆனால் அது பாட்டோடு சேராமல் தனியாகக் 'கிர்ர்' என்று அதிர்ந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு எஃப்.எம். செய்தி வைக்கச் சொன்னார். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். முப்பது வருஷமாக மைக் செட் வைத்திருக்கிறார். ஆடி மாதத்துக் கூழ் ஊற்றும் விழாவில் இருந்து கல்யாண வரவேற்பு வரை அவருடைய பெட்டிகள்தான் நிற்கும். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேரும் பார்ப்பார். காரை அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவர் காரைப் பார்க்கவே இல்லை. "கவர்ல வெச்சிருக்கியே, அந்தப் பழைய ஸ்பீக்கர எடும்மா" என்றார்.

பழைய ஸ்பீக்கரில் கொஞ்சம் கிழியாமல் இருந்ததை எடுத்து, தன் சின்ன ஆம்ப்பில் இணைத்து, மேசைமேல் மல்லாக்க வைத்துப் பாட்டைப் போட்டார். கீச்சுக்குரலில் பாடியது. பிறகு வீட்டில் இருந்து ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். ஸ்பீக்கர் அளவுக்கு வட்டமாக ஓட்டை வெட்டி, அதன்மேல் ஸ்பீக்கரை அமுக்கிப் பிடித்தார். ஆம்ப்பில் ஒன்றையும் தொடவில்லை. அதே பாட்டு, அதே ஸ்பீக்கர். ஆனால் எங்கிருந்தோ 'தொம்' வந்தது. ஸ்பீக்கரை ஓட்டையில் இருந்து விரல் கடை அளவு தூக்கினார். 'தொம்' போய்விட்டது. மறுபடி அமுக்கினார். வந்தது.

"கூம்பு முன்னால தள்ளும்போது பின்னால இழுக்குது இல்லையா? முன்னாடி போற காத்தும் பின்னாடி போற காத்தும் ஒண்ணோட ஒண்ணு கலந்தா கழிஞ்சுபோயிடும். கலக்காம நடுவுல செவுரு வெக்கணும். எங்க செட்டுல அந்தச் செவுரு பெட்டி. உன் கார்ல கதவுதான் பெட்டி. அந்தக் கதவு முழுக்க ஓட்டை. நீ ஸ்பீக்கர மாத்துன, பெட்டிய மாத்தல."

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே புரிகிறது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 100 ஹெர்ட்ஸ் ஓசையின் ஒரு அலை கிட்டத்தட்ட 3.4 மீட்டர் நீளம். ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு அது மிகப் பெரிய அலை. ஸ்பீக்கரின் ஓரத்தைச் சுற்றி முன்பக்கத்தில் இருந்து பின்பக்கத்துக்குச் சர்வசாதாரணமாக வழிந்துவிடும், எதிரெதிராக மோதி அடங்கிவிடும். ஜால்ராவின் ஓசை சிற்றலை. அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதனால்தான் சரியாகப் பொருத்தாத ஸ்பீக்கரில் மேல் ஓசை பளிச்சென்றும் அடி ஓசை பூஜ்யமாகவும் கேட்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மேற்பார்வையில் வலது முன் கதவை நானே திறந்தேன். முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றினோம். கதவின் உட்புறத்தை மூடும் அட்டையைக் கழற்றுவதில் பயப்பட ஒன்றும் இல்லை, அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான். கைப்பிடிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ, ஆர்ம்ரெஸ்ட் குழிக்குள் ஒன்று, ஓரத்தில் இரண்டு. மீதி எல்லாம் பிளாஸ்டிக் கிளிப்பில் நிற்கிறது. இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும். பிளாஸ்டிக் நெம்புகோல் செட் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. வெயிலில் வெந்த பழைய கிளிப்புகள் உடையத்தான் செய்யும். எனக்கு ஒரு கதவில் மட்டும் நான்கு உடைந்தன. அதனால் திறப்பதற்கு முன்பே ஒரு பாக்கெட் கிளிப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் மாடலைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். உடைந்த கிளிப்போடு அட்டையை மாட்டினால் அப்புறம் எந்த ஸ்பீக்கர் போட்டாலும் கிரிச்சத்தம்தான்.

பின் கதவுகளில் எங்கள் வண்டிக்குக் கையால் சுற்றும் கண்ணாடி. அந்தக் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். அதை எடுக்க அண்ணன் காட்டிய வழி: பழைய வேட்டித் துணியை ஒரு பட்டையாகக் கிழித்து, கைப்பிடிக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, ஷூ பாலிஷ் போடுவதுபோல இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். கிளிப் துள்ளி வெளியே விழும். எங்கே விழுகிறது என்று பார்க்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முன் கதவு அட்டை கழன்றதும் அண்ணன் உச்சுக்கொட்டினார். கதவின் உள்தகட்டை மூடி ஒரு பிளாஸ்டிக் ஷீட் இருந்திருக்க வேண்டும். பாதி கிழிந்து தொங்கியது, மீதியைக் காணவில்லை. 2021இல் அந்தக் கதவின் பவர் விண்டோ மோட்டார் பழுதாகி ஒரு பட்டறையில் சரிபார்த்தோம். அப்போது கிழித்தவர்கள் திரும்ப ஒட்டவில்லை. இந்த ஷீட்டைப் பலர் வெறும் பேக்கிங் பிளாஸ்டிக் என்று நினைக்கிறார்கள். மழை பெய்தால் கண்ணாடியின் ரப்பர் பீடிங் வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்கும். எல்லாக் காரிலும் அப்படித்தான். உள்ளே வந்த தண்ணீர் கதவின் அடியில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக வெளியே போகும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் அட்டைப் பக்கமும் இருக்கைப் பக்கமும் வராமல் தடுப்பது இந்த ஷீட். அதோடு, உள்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகளை மூடி ஓரளவுக்குப் பெட்டியாக ஆக்குவதும் இதுதான். அது போனதில் அட்டை உப்பியிருந்தது, காகிதக் கூம்பின் கீழ்ப்பாதி ஊறி ஊறிக் காய்ந்து மக்கியிருந்தது. எங்கள் ஸ்பீக்கர் வயசானதால் மட்டும் சாகவில்லை. நாலு மழைக்காலம் நனைந்து செத்திருக்கிறது. அதை மாற்றிப் புது ஸ்பீக்கரை அதே ஈரத்தில் மாட்டியிருந்தார்கள்.

கண்ணாடி மோட்டார், லாக், எதற்காகக் கதவைத் திறந்தாலும் பக்கத்தில் நின்று அந்த ஷீட்டை முழுசாகத் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். இதை நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். ஷீட்டின் அடி விளிம்பு கதவின் உட்பக்கமாகச் செருகியிருக்க வேண்டும், தண்ணீர் உள்ளேயே சொட்டும்படி.

புது ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்த விதத்தையும் பார்த்தோம். கம்பெனி ஸ்பீக்கர் ஒரு உயரமான பிளாஸ்டிக் கூட்டோடு வந்தது. புதுசுக்கு அந்தக் கூடு இல்லை. நடுவில் வளையம் எதுவும் வைக்காமல், வளைந்த தகட்டில் நேராக இரண்டே இரண்டு ஸ்க்ரூ. ஒரு பக்கம் விரல் நுழையும் இடைவெளி. அட்டைப்பெட்டியில் இருந்து அண்ணன் தூக்கிப் பிடித்த அதே விரல் கடை.

மூன்றாவது தப்பைக் கண்டுபிடிக்க அண்ணன் சட்டைப்பையில் இருந்து ஒரு பென்சில் செல் எடுத்தார். 1.5 வோல்ட். ஸ்பீக்கர் வயரின் இரண்டு முனையிலும் ஒரு கணம் தொட்டு எடுத்தால் கூம்பு அசையும். செல்லின் பிளஸ், ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே தள்ளும். மாறிப் பட்டால் உள்ளே போகும். ஸ்டீரியோ செட்டுப் பக்கத்தில் இருந்து வரும் வயரை வைத்துப் பார்த்தபோது வலது கதவு வெளியே தள்ளியது, இடது கதவு உள்ளே இழுத்தது. ஒரு பக்கம் வயர் மாறியிருந்தது. ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்தால், காருக்குள் அடி ஓசை ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்பீக்கரில் அகலமான முனை பிளஸ், ஒடுங்கியது மைனஸ் என்பது பெரும்பாலும் பொருந்தும். வெளியில் வாங்கும் செட்டுகளின் வயர் நிறங்கள்: இடது முன் வெள்ளை, வலது முன் சாம்பல், இடது பின் பச்சை, வலது பின் ஊதா. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். ஆனால் பழைய காரில் ஏற்கெனவே யார் யாரோ கைவைத்திருப்பார்கள்; நிறத்தை நம்பாமல் செல்லால் தொட்டுப் பார்ப்பதே நிச்சயம். செல்லைத் தொட்டவுடன் எடுத்துவிட வேண்டும், செட்டில் இருந்து வயரைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

திறக்காமலே சோதிக்க வேண்டுமானால் ஒருவர் பேசும் பதிவைப் போட்டு, இடது வலது ஓசையைப் பங்கிடும் பேலன்ஸை நடுவில் வையுங்கள். குரல் டேஷ்போர்டின் நடுவில் நின்று பேச வேண்டும். எங்கே இருக்கிறது என்றே சொல்ல முடியாமல் தலையைச் சுற்றிப் பரவியதுபோல இருந்தால் வயர் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த வாட்ஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைகளில் எல்லாப் பேச்சும் அதில்தான் தொடங்குகிறது. என் செட்டின் பெட்டியில் '50 வாட்ஸ் × 4' என்று போட்டிருந்தது. இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். உள்ளே தனியாக வோல்ட்டை ஏற்றும் சர்க்யூட் இல்லாத செட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமான ஓசையாகப் போகக்கூடிய உச்ச அளவு 14.4 × 14.4-ஐ எட்டால் வகுத்தால் வரும். ஏறக்குறைய 26 வாட்ஸ். நடைமுறையில் பதினெட்டு, இருபதுதான். அதற்கு மேல் ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும், மேல் ஓசை தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் கருகும். ஆகவே ஸ்பீக்கரில் '300' என்று எழுதியிருப்பதால் நமக்கு ஒரு லாபமும் இல்லை. ஆம்ப்ளிஃபயர் போடாமல் செட்டிலேயே நேராக ஓட்டுகிறவர்கள் பெட்டியின் பின்பக்கம் 'சென்சிட்டிவிட்டி' என்று டெசிபலில் போட்டிருப்பதைப் பாருங்கள். 90க்கு மேல் இருந்தால் நல்லது. மூன்று டெசிபல் வித்தியாசம் என்பது இரண்டு மடங்கு வாட்ஸுக்குச் சமம். 87 உள்ள ஸ்பீக்கர் 20 வாட்ஸில் தரும் சத்தத்தை 90 உள்ளது 10 வாட்ஸில் தரும். இதைக் கேட்டால் பல கடைகளில் முழிக்கிறார்கள், இருந்தாலும் கேளுங்கள்.

என்னுடையது 91. அதனால் அண்ணன், "ஸ்பீக்கர் இதுவே இருக்கட்டும். காச கதவுல போடு" என்றார்.

ரிச்சி தெருவில் செம்பு வயரும், சால்டரும், ஹீட் ஷ்ரிங்க் குழாயும் வாங்கினேன். ஸ்பீக்கர் வயர் வாங்கும்போது நுனியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம். கடற்காற்று அடிக்கும் ஊரில் அது சீக்கிரம் பொடிந்துபோகும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அதிர்வு அடக்கும் ஷீட் வாங்கினேன். இதில் இரண்டு வகை. தார் கலந்தது மலிவு. சென்னை மே மாதத்தில் நிறுத்தி வைத்த காரின் கதவுக்குள் இளகி நாறும், வழிந்து கீழே இறங்கும். மேலே அலுமினியப் படலம் ஒட்டிய பியூட்டைல் ரப்பர்தான் நமக்கு ஆகும். 2 மி.மீ. தடிமன், இரண்டு முன் கதவுக்கும் சேர்த்து 2,800 ரூபாய் ஆயிற்று. வாங்கும்முன் முகர்ந்து பாருங்கள். தார் வாசனை வந்தால் வேண்டாம்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு காலை வேலையைத் தொடங்கினோம். அப்பா நாற்காலியைப் போட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டார். கதவின் வெளித்தகட்டை உள்பக்கம் இருந்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். பதினைந்து வருஷத்து மண் வந்தது. மண்மேல் ஒட்டினால் ஷீட் ஒரே கோடையில் உரிந்துவிடும். பிறகு ஷீட்டைத் துண்டு துண்டாக வெட்டி, நடுப்பகுதியில், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால், வைத்துச் சின்ன உருளையால் அழுத்தித் தேய்த்தேன். முழுத் தகட்டையும் மூட வேண்டிய அவசியம் இல்லை. மூன்றில் ஒரு பங்கு மூடினாலே தகட்டின் ரீங்காரம் அடங்கிவிடுகிறது. மீதிப் பணம் வீண், கதவும் கனக்கும். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் வெளியில் இருந்து விரல் மடக்கித் தட்டிப் பார்த்தோம். முன்னால் 'டங்ங்' என்று இழுத்தது. பின்னால் 'தொப்'.

அப்பா எழுந்து வந்தார். அவரும் தட்டினார். இடது கதவைத் தட்டினார், வலது கதவைத் தட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

"ரவை அப்பற மாதிரிதாம்மா இது. கச்சேரிக்கு முன்னாடி தொப்பியில ரவையக் குழைச்சு அப்புவோம். வெறும் தோலுன்னா ஓசை மேல நிக்கும். நடுவுல கனம் ஏத்தினா கீழ எறங்கும். கூட அப்பிட்டா மந்தமாயிடும். எவ்வளவுன்னு விரலுக்குத் தெரியணும்."

அண்ணன் அப்பாவைப் பார்த்து, "ஐயா ஒரே வார்த்தைல சொல்லிட்டாரு" என்றார். தகட்டில் கனம் ஏறினால் அதன் அதிர்வெண் இறங்கும். ரப்பர் அந்த அதிர்வை வெப்பமாக்கித் தின்றுவிடும். ஆனால் எத்தனை துண்டு போதும் என்பதை அன்றைக்கு அப்பாவின் விரல்தான் முடிவு செய்தது. தட்டித் தட்டி, "போதும்" என்று அவர் சொன்ன இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

அடுத்து உள்தகட்டின் ஓட்டைகள். உள்ளங்கை அகலம் வரை உள்ளதை ஷீட்டாலேயே மூடலாம். அதைவிடப் பெரிய ஓட்டையை வெறும் ரப்பரால் மூடினால் அது மேளத்தோல் மாதிரி ஆடும். மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டி அதன்மேல் வைத்து, ஓரத்தை ஷீட்டால் ஒட்டினோம். நாளைக்கு மோட்டார் கெட்டால் உரித்து எடுக்க வேண்டும் என்பதால், மோட்டாருக்கு நேராக உள்ள துண்டின் ஒரு மூலையை மடித்துப் பிடி மாதிரி விட்டிருக்கிறேன். லாக்குக்குப் போகும் இரண்டு கம்பிகளும் தகட்டில் இடித்துக் கிணுகிணுத்தன. அவற்றுக்கு ஸ்பாஞ்ச் டேப் சுற்றினோம். அந்தக் 'கிர்ர்' சத்தத்தில் பாதி அதுதான். கதவின் அடித்துளைகளை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. மூடினால் தண்ணீர் தேங்கி, கதவே துருப்பிடித்துவிடும்.

ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையம். கடைகளில் மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் வெட்டியது சுலபமாகக் கிடைக்கும். வறண்ட ஊருக்குச் சரி. இங்கே ஒரு வடகிழக்குப் பருவமழை போதும், ஊறின பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். கெட்டிப் பிளாஸ்டிக் வளையம் 18 மி.மீ. தடிமனில் வாங்கிக்கொண்டேன். அதை இறுக்கும் முன்னால் ஒரு சோதனை இருக்கிறது, தயவுசெய்து தவிர்க்காதீர்கள்: ஸ்பீக்கரைக் கையால் அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கிப் பாருங்கள். காந்தம் கண்ணாடியில் இடிக்கிறதா? பிறகு கதவு அட்டையை வைத்துப் பாருங்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ட்வீட்டர், அட்டையில் ஸ்பீக்கரை மூடும் ஓட்டை போட்ட ஜாலியில் இடிக்கிறதா? இரண்டுக்கும் நடுவில் சில மி.மீ.தான் கிடைக்கும். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் ஸ்பாஞ்ச், வளையத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஸ்பாஞ்ச், ஸ்பீக்கர் முகப்பில் இருந்து ஜாலி வரை எட்டும்படி இன்னொரு ஸ்பாஞ்ச் வளையம். கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் பாதி ஓசை அட்டைக்குப் பின்னாலேயே சுற்றும்.

இடது கதவில் இன்னொரு நோய். கதவைத் திறந்தால் ஓசை நின்றுவிடும், மூடினால் வரும். ஸ்பீக்கர் முனைகளில் மல்ட்டிமீட்டர் வைத்தால் 3.5 ஓம் காட்டியது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு மூன்றேகாலில் இருந்து மூன்றரைக்குள் காட்டினால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கோளாறு வயரில். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும், வயர்கள் அதற்குள்தான் போகும். பதினைந்து வருஷம் திறந்து மூடியதில் அதற்குள் ஒரு வயர் பாதி அறுந்திருந்தது. உங்கள் பழைய காரில் ஒரு ஸ்பீக்கர் மட்டும் பேசவில்லை என்றால், புது ஸ்பீக்கர் வாங்கும் முன்னால் இந்த இடத்தைப் பாருங்கள். எங்களுக்கு ஒரு மீட்டர் வயரில் முடிந்தது. முறுக்கி டேப் சுற்றாமல் சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போட்டேன். இணைப்பை அந்த மடிப்புக்குள் விடாமல் கதவின் உட்பக்கமாகத் தள்ளி வைத்தேன். மடிப்புக்குள் சால்டர் இருந்தால் அங்கேயே மறுபடி ஒடியும்.

மதியம் மூன்று மணிக்குக் கடைசி கிளிப்பை அடித்தோம். செட்டிங்கில் பாஸ், ட்ரெபிள் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன், லவுட்னஸை அணைத்தேன். ஹை பாஸ் ஃபில்டர் என்று ஒன்று என் செட்டில் இருந்தது. அதை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். இந்தச் சின்ன ஸ்பீக்கரால் முடியாத மிகத் தாழ்ந்த ஓசையை அதனிடம் அனுப்பாமல் இருந்தால், முடிந்ததைத் தெளிவாகச் செய்யும்.

அப்பா முன் இருக்கையில் உட்கார்ந்தார். அதே தனி ஆவர்த்தனம். 'தொம்' வந்தது. இரண்டாவது சுற்றில் கும்கி வந்தது, உள்ளங்கை தோலில் வழுக்கும் அந்த நெளிவோடு. அப்பா கதவு அட்டையில் கையை வைத்துப் பார்த்தார். கதவு சும்மா இருந்தது, ஓசை மட்டும் வந்தது. அண்ணனிடம் திரும்பி, "நல்ல தோல் தம்பி இது, நல்லா கட்டியிருக்கான்" என்று மிருதங்கம் செய்தவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஸ்பீக்கர் பேச்சே வரவில்லை.

ஒரு விஷயத்துக்கு நான் தயாராக இல்லை. பழைய ஸ்பீக்கரில் தெரியாத குறைகள் எல்லாம் பதிவுகளில் தெரிய ஆரம்பித்தன. அப்பா கேசட்டில் இருந்து மாற்றி வைத்திருந்தவற்றில் இரைச்சல் கேட்டது. அளவைச் சுருக்கின எம்.பி.3 கோப்புகளில் தம்புரா கரைந்துபோய் ஒலித்தது. சிலவற்றை நல்ல பிரதியாகத் தேடி மாற்றினோம். 101.4 ரெயின்போ வைத்தால் குரல்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கின்றன. பின் ஸ்பீக்கர்களை மாற்றவே இல்லை. முன் பின் ஓசையைப் பங்கிடும் ஃபேடரை முன்பக்கம் தள்ளிவைத்திருக்கிறேன். பாடகர் மேடையில் முன்னால்தானே இருக்கிறார். பின்னால் பார்சல் ட்ரேயில் 6×9 அங்குலப் பெரிய ஸ்பீக்கர் வைக்கச் சொல்லி இரண்டு பேர் சொன்னார்கள். அந்த மெல்லிய ட்ரேயும் ஆடும், அவ்வளவு கனம் தலைக்குப் பின்னால் இருப்பதும் எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

ஸ்பீக்கர் 3,400, ஷீட் 2,800, வளையம், வயர், கிளிப், ஸ்பாஞ்ச் எல்லாம் சேர்த்து 1,500. அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் வீட்டுக்கு அம்மா அதிரசம் சுட்டுக் கொடுத்தனுப்பினார். இனி ஒரு காருக்குச் செய்வதாக இருந்தால் முதலில் கதவைச் செய்துவிட்டு, காகிதம் கிழியாமல் இருந்தால் பழைய ஸ்பீக்கரையே ஒரு வாரம் கேட்டுப் பார்ப்பேன். அப்புறம்தான் கடைக்குப் போவேன்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள், வலது கதவு அட்டையை மறுபடி கழற்றினேன். அட்டையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. வளையத்தைச் சுற்றி ஈரம் இல்லை. அடித்துளை ஒன்றில் மட்டும் வேப்பிலைச் சருகு அடைத்துக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் தேங்கியிருந்தது. துடைப்பத்தில் இருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி வெளியே இருந்து குத்திவிட்டேன். மண்ணோடு தண்ணீர் வடிந்து முடிகிற வரை நின்றேன். அட்டை இல்லாமலே செட்டைப் போட்டுவிட்டு அப்பா உள்ளே உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அட்டைய மாட்டும்மா," என்றார், "வலது பக்கம் கொஞ்சம் குறையுது."